பழைய மினியா, புது மினியா? இரண்டையும் ஓட்டியவனின் பதில்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. 1980-ல் வந்த பழைய மினி 1000 கார் ஒன்று விலைக்கு வருகிறது, 2015-ல் வந்த மூன்று கதவு மினி கூப்பர் ஒன்றும் வருகிறது, இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும், வாரக்கடைசியில் மனைவியையும் நான்கு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு எங்காவது போக வேண்டும். எது சரி, பழையதைத் தினமும் ஓட்ட முடியுமா, புதியதை மினி என்றே சொல்லலாமா என்று மூன்று கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். வீட்டில் இருக்கப்போவது இந்த ஒரே கார்தான் என்றால், பின்சீட்டில் குழந்தை உட்காரப்போகிறாள் என்றால், புதியதை வாங்குங்கள். வேறொரு வண்டி ஏற்கெனவே இருக்கிறது, இது கூடுதலாக வரப்போகிறது என்றால் பழையதை வாங்குங்கள், ஆனால் அதன் அடிப்பாகத்தை நீங்களே தரையில் படுத்துப் பார்த்த பிறகு. நான் 998 சிசி பழைய மினி ஒன்றைப் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன், 2014-ல் வந்த தலைமுறையின் மினி கூப்பரை ஐந்து வருடம் வீட்டு வண்டியாக ஓட்டினேன். இரண்டையும் ஒரே நிறுத்தத்தில் அடுத்தடுத்து நிறுத்திவைத்து, காலையில் ஒரு சாவியும் மாலையில் இன்னொரு சாவியுமாக எடுத்துப் போன அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த ஒப்பீட்டில் எல்லோரும் வேகம், வசதி, அழகு என்று ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்வோம். இரண்டு வண்டிக்கும் பெயர் ஒன்று, முகமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் எதற்காகப் பிறந்தன என்பது வேறு. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

1956-ல் சூயஸ் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோலை ரேஷனில் கொடுக்கும் நிலை வந்தது. அந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவக் குட்டி வண்டிகள் நன்றாக விற்றன. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவற்றை ஓரங்கட்டுகிற மாதிரி, நிஜமான ஒரு சின்னக் கார் வேண்டும் என்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் கேட்டார். நிபந்தனைகள் கடுமையானவை: நீளம் 10 அடி, அகலமும் உயரமும் 4 அடி என்ற பெட்டிக்குள் கார் அடங்க வேண்டும், அந்தப் பத்தடி நீளத்தில் ஆறு அடியை ஆட்கள் உட்காருவதற்கு விட வேண்டும், எஞ்சினைப் புதிதாகச் செய்யக்கூடாது, கையில் இருப்பதையே போட வேண்டும்.

மீதி நான்கு அடியில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிக்கி எல்லாம் எப்படி அடங்கும்? இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பிவைத்தார். குறுக்காக வைத்தால் கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் இடம் இல்லை, அதனால் அதை எஞ்சினுக்கு அடியில், ஆயில் தேங்கும் தொட்டிக்குள்ளேயே இறக்கினார். எஞ்சினும் கியரும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. ரேடியேட்டர் முன்னால் நிற்க இடமில்லாமல் பக்கவாட்டுக்குப் போனது. சக்கரம் பெரிதாக இருந்தால் அதன் கூடு ஆட்கள் காலை வைக்கும் இடத்தைத் தின்றுவிடும், ஆகவே 10 அங்குலச் சக்கரம். அவ்வளவு சின்னச் சக்கரத்தில் கார் டயர் அப்போது வழக்கத்தில் இல்லை, டன்லப் நிறுவனம் இதற்காகவே தயாரித்துக் கொடுத்தது. சுருள் வில்லுக்கும் இடமில்லை, அதற்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். கதவுக் கண்ணாடி கீழே இறங்காமல் பக்கவாட்டில் நகரும்படி வைத்ததால் கதவின் உட்பக்கம் முழுக்கக் காலியானது, அது பை வைக்கும் தொட்டியாகவும் முழங்கைக்கான இடமாகவும் ஆனது (1969-க்குப் பிறகுதான் கீழே இறங்கும் கண்ணாடி வந்தது, நீங்கள் பார்க்கும் 1980 வண்டியில் அந்தத் தொட்டி இருக்காது). முதல் வண்டிகளில் டிக்கிக் கதவைக் கீழ்நோக்கித் திறந்து, அதன் மேலேயே சாமானை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டலாம். நம்பர் பிளேட் கீல் வைத்துத் தொங்கும், கதவு திறந்திருந்தாலும் பின்னால் வருபவர் எண்ணைப் படிக்கலாம். ஒரு சாமானுக்கான இடத்தைக்கூட விடக்கூடாது என்று யோசித்த மனிதரின் வேலை அது.

1959 ஆகஸ்ட் 26 அன்று வெளியானது. 848 சிசி, 34 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அரை நிமிடம் போல ஆகும். 2000 அக்டோபர் 4 வரை தயாரிப்பில் இருந்து 53 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. இன்றைக்குப் பழைய மினி என்றாலே 'அழகான குட்டி' என்று கொஞ்சுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அது கொஞ்சுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. இருக்கிற இடத்தில் நான்கு பேர் கௌரவமாக உட்கார்ந்து போக வேண்டும் என்ற கணக்குக்கு வந்த விடை அது, அழகு அந்த விடையோடு கூடவே வந்தது.

புதியதன் கதை வேறு. அப்போது மினியைச் செய்துகொண்டிருந்த ரோவர் குழுமத்தை 1994-ல் பிஎம்டபிள்யூ வாங்கியது, 2000-ல் அதை விற்றபோது மினி என்ற பெயரைக் கையில் வைத்துக்கொண்டது, 2001-ல் ஃபிராங்க் ஸ்டீஃபன்சன் வடிவமைத்த புது மினி விற்பனைக்கு வந்தது. இங்கே யாரும் பத்தடிக்குள் நான்கு பேரை உட்காரவைக்கக் கேட்கவில்லை. பழைய மினியின் முகத்தையும், மூலைக்கு மூலை தள்ளிவைத்த சக்கரங்களையும், சட்டென்று திரும்பும் குணத்தையும் எடுத்துக்கொண்டு, ஓட்டுகிறவருக்குச் சந்தோஷம் தரும் நல்ல தரமான சின்னக் கார் செய்தார்கள்.

அளவைப் பாருங்கள். பழையது 3.05 மீட்டர் நீளம், 1.41 மீட்டர் அகலம். நீங்கள் பார்க்கும் 2015 கூப்பர் சுமார் 3.82 மீட்டர் நீளம், 1.73 மீட்டர் அகலம். எடை பழையதற்கு 600 கிலோவைச் சற்றுத் தாண்டும், புதியது 1,100 கிலோவுக்கு மேல். வெளியே முக்கால் மீட்டருக்கு மேல் வளர்ந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், முழங்கால் முன்சீட்டின் முதுகில் இடிக்கும். நான் முன்னால் என் வசதிக்குச் சீட்டை வைத்துவிட்டு அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தால், புதியதில் இடம் பிரமாதம் என்று சொல்லவே முடியாது. கூடிய நீளம் எங்கே போனது? பெரும்பகுதி நியாயமான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. மோதினால் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதி, கதவுக்குள் இரும்புப் பட்டை, பக்க ஏர்பேக், பாதசாரி மேல் பட்டால் தலைக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்படி உயர்த்திய பானட், பெரிய பிரேக், அதைச் சுற்றிப் பெரிய சக்கரம். மீதி, தோற்றத்துக்காகக் கொடுத்த விலை. அந்தத் தோற்றம் பிடித்திருந்தால் விலை கொடுத்தது தப்பில்லை.

ஆகவே 'புதியது மினிதானா' என்ற கேள்விக்கு என் பதில்: இடத்தைச் சுருக்கும் வித்தையில் பார்த்தால் இல்லை, திருப்பத்தில் ஓட்டும்போது பார்த்தால் பாதிக்கு மேல் ஆம். இன்னொன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. எஞ்சினைக் குறுக்கே வைப்பதை உலகமே இசிகோனிஸிடம் கற்றுக்கொண்டது, ஆனால் கியர்பாக்ஸை அடியில் போடுவதைக் கற்றுக்கொள்ளவில்லை. எஞ்சினின் ஒரு முனையில் கியர்பாக்ஸைச் சேர்த்து, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகளை, அதாவது டிரைவ் ஷாஃப்ட் இரண்டைப் போடும் முறை இத்தாலியப் பொறியாளர் டான்டே ஜியாகோசாவின் கை வேலை. 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் வந்து, 1969-ல் ஃபியட் 128 மூலம் பரவியது. இன்றைய புது மினியின் பானட்டுக்குள் இருப்பது அந்த ஜியாகோசா முறைதான். பழைய மினியின் உண்மையான கேள்வியை, அதாவது மூன்று மீட்டருக்குள் எத்தனை பேர் என்பதை, பின்னாளில் நேர்மையாக எடுத்துக்கொண்டது என்று நான் நினைப்பது 2008-ல் வந்த டொயோட்டா ஐக்யூ. 2.985 மீட்டர், பெட்ரோல் டேங்கைத் தட்டையாக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார்கள். அதற்கு மினியின் முகம் கிடையாது, மினியின் மூளை உண்டு.

சரி, ஓட்டும் விஷயத்துக்கு வருவோம்.

பழையதில் ஏறினால் ஸ்டியரிங் பஸ் ஸ்டியரிங் மாதிரி படுத்திருக்கும். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஆனாலும் உருள ஆரம்பித்த பிறகு இலேசாக இருக்கும், ஏனென்றால் டயர் ஒடுக்கம், எடை குறைவு. சாலையில் பெயின்ட் அடித்த கோட்டின் மேல் சக்கரம் ஏறினால்கூட விரலில் தெரியும். திருப்பத்தில் ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை அசைத்தால் மூக்கு உடனே உள்ளே போகும், பின்பக்கம் கூடவே வரும், சாய்வதென்பது மிகக் குறைவு. நாற்பது குதிரைத்திறன்கூடச் சரியாக வராத வண்டியில் மணிக்கு 50, 60 கிலோமீட்டரிலேயே இவ்வளவும் நடக்கிறது. யாரையும் பயமுறுத்தாமல், எந்த விதியையும் மீறாமல், வண்டியின் முழுச் சக்தியையும் பயன்படுத்தி ஓட்டலாம். புதியதில் அது நடக்காது. அதன் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கு 136 குதிரைத்திறன், எட்டு வினாடிக்குள் நூறைத் தொட்டுவிடும், ஆனால் அது முழுதாக விழித்துக்கொள்ளும் வேகம் சாதாரணச் சாலையில் போகக்கூடாத வேகம்.

மோண்டி கார்லோ ராலியில் பழைய மினி ஜெயித்ததும் இந்தக் குணத்தால்தான். ஃபார்முலா 1 கார்கள் செய்த ஜான் கூப்பர் இதில் கை வைத்து 1961-ல் மினி கூப்பரைக் கொண்டுவந்தார். 1964-ல் பேடி ஹாப்கிர்க், 1965-ல் டிமோ மாக்கினன், 1967-ல் ரவுனோ ஆல்டோனன் ஜெயித்தார்கள். 1966-ல் முதல் மூன்று இடமும் மினிக்கே வந்து, முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று நீக்கிவிட்டார்கள். பனியும் வளைவும் நிறைந்த மலைச்சாலையில் தன்னைவிடப் பல மடங்கு சக்தி கொண்ட வண்டிகளை அது வென்றது.

ஆனால் நெடுஞ்சாலை? அங்கே நான் பழையதைப் பரிந்துரைக்கமாட்டேன். நான்கே கியர். நூறில் போகும்போது எஞ்சின் 4,000 சுற்றுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும், கியர் சத்தம் கூடவே 'ஙீ' என்று ஊளையிடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச வேண்டும் என்றால் குரலை உயர்த்த வேண்டும், அரைமணி நேரத்தில் பேச்சே நின்றுபோகும். ரப்பர் கூம்பு நல்ல சாலையில் அருமையாக இருக்கும், ஒட்டுப்போட்ட சாலையில் முதுகுக்கு வேலை வைக்கும். புதியது அதே நூறில் ஆறாவது கியரில் சாவகாசமாகப் போகும், குழந்தை தூங்கிவிடும். மைலேஜ்கூட, பாதி எடையுள்ள பழையதைவிடப் புதியது நெடுஞ்சாலையில் அதிகம் தருகிறது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல், கணினி பார்த்துக்கொள்ளும் கலவை, ஆறு கியர் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1980 மினி 1000-ல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எல்லா மினியிலும் முன்னால் டிஸ்க் வழக்கமானது 1984-ல், 12 அங்குலச் சக்கரத்தோடு. டிரம் என்றால் நிற்காது என்று அர்த்தமில்லை, சரியாக அட்ஜஸ்ட் செய்திருந்தால் நிற்கும். ஆனால் மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும், ஷூ தேயத் தேய நாமே ஸ்பேனர் எடுத்து இறுக்கிவர வேண்டும், ஏபிஎஸ் என்ற பேச்சே கிடையாது. முன்னால் போகும் வண்டிகள் எல்லாம் ஏபிஎஸ்ஸோடு சட்டென்று நிற்கும் சாலையில் நீங்கள் இரண்டு மடங்கு இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும், விட்ட இடைவெளியில் யாராவது நுழைவார்கள், மறுபடி பின்வாங்க வேண்டும்.

இனி பாதுகாப்பு. இதில் நான் சுற்றிவளைக்கப்போவதில்லை. பழைய மினியில் உங்கள் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே இருப்பது எஞ்சினும் மெல்லிய தகடும்தான். ஏர்பேக் இல்லை. பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள், பின்சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. 2014-ல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் புது மினிக்குக் கிடைத்தது 5 நட்சத்திரம்கூட இல்லை, 4 தான். ஆனாலும் அது சோதிக்கப்பட்ட வண்டி, குழந்தை இருக்கையை மாட்டக் கொக்கி வைத்த வண்டி, பக்கவாட்டில் அடித்தால் ஏர்பேக் விரியும் வண்டி. நான் என் பழைய மினியை எவ்வளவு நேசிக்கிறேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை அதன் பின்சீட்டில் அவர்களை உட்காரவைத்து நெடுஞ்சாலை ஏறியதே இல்லை. உங்கள் மகளுக்கு நான்கு வயது. ஒரே காரென்றால் புதியது என்று ஆரம்பத்திலேயே சொன்னதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

'பழையதைத் தினமும் ஓட்ட முடியுமா?' முடியும். ஆனால் அதற்கு உங்களிடம் மாதத்தில் ஒரு அரைநாள் வேண்டும், அந்த அரைநாளை நீங்கள் விரும்பிச் செலவழிக்க வேண்டும். வேலை என்றால் என்ன வேலை? டாப்பெட் செட்டிங்கை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், அதனால் காலையில் முதல் வேலையாக. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு நாலாவது கியரில் போட்டால், வண்டியை ஒரு கையால் தள்ளினாலே எஞ்சின் சுற்றும். மேல்மூடியின் இரண்டு நட்டைக் கழற்றித் தூக்கினால் எட்டு வால்வும் வரிசையாகத் தெரியும். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைச் செட் செய்ய வேண்டும், ஆறாவது அமுங்கியிருந்தால் மூன்றாவது, இரண்டும் கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும், அதுதான் கணக்கு. இடைவெளியில் 0.30 மில்லிமீட்டர் தகடு போக வேண்டும், தாராளமாக நழுவவும் கூடாது, மாட்டிக்கொள்ளவும் கூடாது, வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல ஒரு சின்னப் பிடிப்போடு வர வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகு கொஞ்சம் கூடச் சுற்றிவிடும், மறுபடி தகடு விட்டுப் பார்க்க வேண்டும். முதல்முறை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது இருபது நிமிடம். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்தவுடன் அந்த 'டிக் டிக்' சத்தம் ஒரே தாளத்துக்கு வந்து நிற்கும், அந்த நிமிடத்துக்காகவே இந்த வண்டியை வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் தகும்.

இதுபோக பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரில் பாயிண்ட் இடைவெளி பார்க்க வேண்டும், கார்புரேட்டரின் மேல்திருகைக் கழற்றி உள்ளே ஆயில் மட்டம் பார்க்க வேண்டும், சஸ்பென்ஷன் மூட்டுகளுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். கிரீஸைத் தள்ளிப்போட்டால் மூட்டு தேய்ந்து ஸ்டியரிங் கனத்துவிடும். கியரும் எஞ்சினும் ஒரே ஆயிலில் ஓடுவதால் 20டபிள்யூ-50 ஆயிலை 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் பழக்கம், புதிய வண்டியின் கணக்கை இதில் போடாதீர்கள். மழை இன்னொரு விஷயம். டிஸ்ட்ரிப்யூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர்பின்னால் இருக்கிறது, தண்ணீர் தெறித்தால் எஞ்சின் இருமி நின்றுவிடும். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து விரல் நுனிகளை வெட்டி, அதன் வழியே ஒயரை விட்டு மூடிவிடுவது பழைய ஆட்களின் வைத்தியம், நன்றாகவே வேலை செய்யும். ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள், 1980-ல் வந்த வண்டியில் பிறவியிலேயே அது இருக்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும், குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

புதியதில் இது எதுவும் உங்கள் வேலை இல்லை. பானட்டைத் திறந்தால் கறுப்பு மூடி, ஆயில் ஊற்றும் வாய், தண்ணீர் ஊற்றும் வாய், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு சர்வீஸ், மீதி நாள் ஸ்டார்ட் செய்தால் ஓடும். ஏதாவது கெட்டால் கணினி மாட்டித்தான் பார்க்க வேண்டும், ஒரு சின்ன சென்சாருக்கு முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள், அது புதிய வண்டி எல்லாவற்றுக்கும் பொது. புதியதிலேயே இன்னும் பழைய வருடம் ஏதாவது கண்ணில் பட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: 2006-லிருந்து 2010 வரை வந்த டர்போ கூப்பர் எஸ் எஞ்சினில் டைமிங் செயின் தளர்ந்து குளிர்ந்த ஸ்டார்ட்டில் கடகடக்கும் குறை பெயர்பெற்றது. நீங்கள் சொன்ன 2015 வண்டியில் இருப்பது அந்த எஞ்சின் அல்ல. கையால் கியர் போட விருப்பமென்றால் 2015 நல்ல தேர்வு, ஏனென்றால் 2024-ல் வந்த புதிய தலைமுறையில் அது கிடையாது, எல்லாமே ஆட்டோமேட்டிக்.

கடைசியாக, இதையெல்லாம் படித்தும் பழையதையே வாங்குவது என்று முடிவு செய்தால், துருவைப் பாருங்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம், உதிரிபாகம் ஏறக்குறைய எல்லாமே புதிதாகவே கிடைக்கிறது, முழு பாடியைக்கூட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் செய்து தருகிறது. ஆனால் துருவேறிய பாடியை மீட்பது எஞ்சின் வேலையைவிடப் பல மடங்கு செலவு. நான் முதலில் வாங்கியது பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதி இருக்கிறதே, சில் என்பார்கள், அதில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தபோது இரண்டு சாண் தூரத்துக்கு ஒட்டவே இல்லை. கீழே இரும்பு இல்லை, பட்டி போட்டு நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் அந்தக் காந்தத்தை வைத்துப் பார்த்தது வாங்கி மூன்று மாதம் கழித்து. பட்டியை நோண்டி எடுத்தபோது உள்ளே பழைய சில் துருவாய் உதிர்ந்துகொண்டிருந்தது, அதன் மேலேயே இன்னொரு தகட்டை வைத்து வெல்ட் அடித்திருந்தார்கள், நடுவில் ஈரம் தங்கி இரண்டையும் சேர்த்துத் தின்றிருந்தது. சரிசெய்ய ஒரு கோடைக்காலம் முழுக்கப் போனது.

அதனால் காந்தத்தோடு போங்கள். சில் இரண்டு பக்கமும், முன்சக்கரத்துக்குப் பின்னால் கதவு கீல் இருக்கும் தகடு, முகப்பு விளக்கைச் சுற்றி, கண்ணாடிக்குக் கீழே இருபுறமும் ஓரம், எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், ஈரமாக இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். டிக்கியில் பேட்டரி இருக்கும் குழியைத் துடைத்துப் பாருங்கள். பிறகு பாயைப் போட்டுக் கீழே படுத்து, பின்சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேமை ஒரு திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்லது, 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே போய்விட்டது. வண்டியிலேயே அதிகம் துருப்பிடிப்பது அதுதான்.

ஓட்டிப் பார்க்கும்போது, விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சினில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகரவென்று கடித்தால் கியர்பாக்ஸை வெளியே எடுக்க வேண்டிவரும், அதற்கு எஞ்சினையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து மெதுவாக வட்டமடியுங்கள், 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது. கிளட்சை விடும்போது வண்டி முழுக்க ஒருதரம் குலுங்கினால் பயப்பட வேண்டாம், எஞ்சினைப் பிடித்திருக்கும் கம்பியின் ரப்பர் புஷ் போயிருக்கும், அதை நீங்களே ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், முதல் வேலையாக அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.